ஓதச் சுவர் உபயதாரர்கள்

சாரல் பிடித்த பதினோராம் நாள் காலையில், தொட்டி வளவு மூன்றாம் நம்பர் வீட்டுச் சுவரில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், ரைஸ்மில் செண்பகராமன் அண்ணாச்சியின் முகம் முளைத்தது. கறுப்பும் பச்சையுமாகப் படர்ந்து கிடந்த பூசணத்திலேயே முளைத்தது. மீசை முறுக்கு, இடது கன்னத்து மரு, வெற்றிலை போட்டுத் தடித்த கீழுதடு என்று ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் அண்ணாச்சி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கம்பளி கொடுத்து, கொடுப்பதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஆகவே சுவரில் முகம் எப்படி வரும் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் எப்படி வரலாம் என்றுதான் கேட்டார்கள்.

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஆனி பிறந்தால் ஆவணி வரை சாரல். கொடியில் போட்ட துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, அப்பளம் டப்பாவுக்குள்ளேயே வெற்றிலையாகிவிடும். அந்த ஈரத்தைப்போலவே காயாமல் எப்போதும் பச்சையாக இருப்பது எங்கள் ஊர்க்காரர்களின் தர்ம சிந்தனை. பஸ் ஸ்டாப்பில் ஒரு பெஞ்சு போட்டால்கூடச் சாய்கிற இடத்தில் பெயரைப் புடைப்பெழுத்தாக வைத்து, சாய்ந்தவன் தன் முதுகில் எவனோ ஒருவனுடைய தகப்பனார் பெயரைப் பதித்துக்கொண்டு வீடு போகும்படி செய்கிறவர்கள். அப்படிப்பட்ட முப்பத்தாறு பேர் சேர்ந்து கட்டியதுதான் எங்கள் குடிநீர்த் தொட்டி. அண்ணாச்சியின் காலஞ்சென்ற தகப்பனார் நினைவாக, தொட்டி வளவு மூன்றாம் நம்பர் வீட்டின் வெளிச்சுவரை ஒட்டிக் கட்டினார்கள். ஏழெட்டுக் குடித்தனங்கள் ஒரே வாசலுக்குள் வரிசையாக இருப்பதை நாங்கள் வளவு என்போம். தொட்டி வந்த பிறகு அந்த வளவுக்கும் அதே பெயராகிவிட்டது.

தொட்டிக்குப் பைப் வேலை செய்தது நான். என் பெயர் ஆவுடையப்பன், இந்த ஊரில் பிளம்பர். தொட்டியிலிருந்து இறங்குகிற பைப் திரும்புகிற முக்கில் ஒரு எல்போ இருக்கிறது. பெயர்க்கல்லுக்கு அளவெடுத்தபோது அந்த எல்போவை விட்டுத்தான் அளவெடுத்தோம். ஆனால் கல் வெட்டப் போன இடத்தில் பெயர்கள் இருபத்திரண்டிலிருந்து முப்பத்தாறாக ஏறின, கூடவே கல்லும் ஏறியது. திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது கல் வந்து இறங்கியது.

"அண்ணாச்சி, கல்லு எல்போவ மூடுது. நாளைக்கு ஒழுகுனா கல்ல உடைக்காம உள்ள கைய விட முடியாது" என்றேன்.

"தண்ணி உள்ளதான ஓடப்போவுது வே. பேருதான வெளிய தெரியணும்?" என்றார் அண்ணாச்சி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சிமெண்டைக் குழைத்துக் கல்லைப் பதித்தேன்.

இரண்டாம் வருஷம் எல்போ விரிசல் விட்டது. தண்ணீர் வெளிப்பக்கமாக வந்திருந்தால் கல்லில் பெயர் நனைகிறதென்று மறுநாளே ஊர் கூடியிருக்கும். அது உள்பக்கமாக இறங்கி மூன்றாம் நம்பர் வீட்டுச் சுவரில் ஓதம் காத்தது. அந்த வீட்டில் குத்தாலிங்கம் குடியிருந்தான். சீசன் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அவன் பெண்டாட்டி உலகம்மாள், பிள்ளைகள் இரண்டு. பெரியவள் முப்பிடாதிக்கு ஏழு வயசு, சின்னவன் இசக்கிராஜாவுக்கு நாலு. முதலில் உளுந்தை இறைத்தாற்போல் சுவரில் கறுப்புப் புள்ளிகள் வந்தன, பிறகு அவை கூடிக் கூடிப் பாயாக விரிந்தன. பிள்ளைகள் இரண்டும் அந்தச் சுவரை ஒட்டித்தான் படுக்க வேண்டும், வேறு இடம் கிடையாது. ஒரு மாதத்தில் முப்பிடாதிக்கு இருமல் நிற்கவில்லை, இசக்கிராஜாவுக்கு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் இளைப்பு வந்தது.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா சுவரை வந்து பார்த்தே சொல்லிவிட்டார். "மருந்து நான் தர்றேன். ஆனா பிள்ளைங்க மூச்சுல போறது இந்தப் பூசணம். தண்ணி எங்கேர்ந்து வருதோ அதை நிறுத்துங்க. இல்லேன்னா இந்தச் சின்னவன் அடுத்த மழைக்குத் தாங்க மாட்டான்."

உலகம்மாள் நேரே ஊர் நல மன்றத்துக்குப் போனாள். மன்றம் என்றால் செண்பகராமன் அண்ணாச்சியும் அவரைச் சுற்றிப் பதினைந்து நாற்காலிகளும். தொட்டிக் கல்லை எடுத்துவிட்டு உள்ளே ஒழுகுவதை அடைத்துத் தர வேண்டும் என்று கேட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"அந்தக் கல்லுல முப்பத்தாறு பேரு இருக்காவம்மா" என்றார் அண்ணாச்சி, கல்லுக்குள் ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோல. "அதுல ஒரு கீறல் விழுந்தாலும் ஊருக்கு ஆவாது. அதுக்காக ஒன்ன விட்டுருவோமா? பிள்ளையளுக்கு என்ன வேணுமோ நாங்க செய்யுதோம்."

அன்று சாயங்காலம் கம்பளி போனது. மறுநாள் காலையில் முகம் வந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த உதவியைச் சொல்லி முடியாது. இரண்டாவதாக ஜெயசீலி டீச்சர் பழைய ஸ்வெட்டர் இரண்டைக் கொண்டுவந்தார். ஒரு கண் மாறுகண்ணாக அவர் முகம் வந்தது. பழசைக் கொடுத்தால் சுவருக்குத் தெரிந்துவிடும் என்று ஊர் பேசிக்கொள்ள, டீச்சர் ஓடிப்போய்ப் புது ஸ்வெட்டர் வாங்கி வந்து கொடுத்தார், ஒரே ராத்திரியில் கண் நேரானது. ஜவுளிக்கடைக்காரர் போர்வை கொடுத்தார், பேக்கரிக்காரர் ரஸ்க் டின் கொடுத்தார், பஞ்சாயத்து கிளார்க் பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில் கொடுத்தார், மருந்துக்கடைக்காரர் இருமல் டானிக் கொடுத்துப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் போட்டோவுக்கு நின்றார், எல்லோருக்கும் அவரவர் முகம் தவறாமல் வந்தது. ஒரு டஜன் முட்டைக்கு உள்ளங்கை அளவு முகம், மேஜை ஃபேனுக்குத் தோள் வரைக்கும். டாக்டரம்மா மட்டும் வாரத்துக்கு மூன்று தடவை வந்து பிள்ளைகளுக்கு ஆவி பிடித்துவிட்டுப் போனார், அவர் முகம் ஒரு நாளும் சுவரில் வரவில்லை. ஆகையால் அவர் எதுவும் செய்யவில்லை என்று ஊர் முடிவு செய்தது.

எங்கள் ஊர் எந்த அதிசயத்தையும் ஒரு வாரத்துக்குள் வரிசையும் சண்டையுமாக ஆக்கிவிடும். அண்ணாச்சி முகத்துக்கு மேலே யாரும் முளைக்கக் கூடாது என்று மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். பேக்கரிக்காரர் முகமும் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி முகமும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி முளைத்ததில் இரண்டு நாள் கடையடைப்பு நடந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு வீட்டாருக்குத் தொட்டி வளவுல முகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்கினார்கள். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் கூரியரில் போர்வை அனுப்பிவிட்டு, முகம் வந்ததா, வழுக்கை தெரிகிறதா என்று போனில் விசாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து, செருப்பை வாசலில் விட்டு உள்ளே போய், தங்கள் முகத்தின் முன்னால் நின்று தலைசீவிக்கொண்டு போனார்கள். அவர்கள் காலடியில் இரண்டு பிள்ளைகளும் படுத்து இருமிக்கொண்டிருக்கும். "பாவம்" என்பார்கள், தாண்டிப் போவார்கள்.

குத்தாலிங்கம் ஒரு நாள் டீக்கடையில் என்னிடம் சொன்னான். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்லா இருக்கு. வீட்டுல எங்களுக்கு நிக்க எடமில்ல, எங்க பாத்தாலும் போர்வையும் மொகமும்."

நான் டீ கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு குடித்தேன். ஏனென்றால் நானும் கொடுத்திருந்தேன். அவர்கள் அடுப்படிக்கு ஒரு புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே, ஆமவடை அளவுக்கு, என் முகம். என் ஜென்மத்தில் என் முகத்தை யாரும் எங்கேயும் மாட்டி வைத்ததில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட நான் பாதி மறைந்துதான் நிற்கிறேன். வாஷர் சரியா இருக்கா பார்க்கிறேன் என்ற சாக்கில் வாரம் இரண்டு தடவை போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு எல்போ, கொஞ்சம் ஒட்டுப்பசை, பத்து நிமிஷ வேலை என்று ஊரிலேயே எனக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டேதான் பார்த்துவிட்டு வந்தேன். அதை இப்போது எழுதும்போது என் மேல் எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

ஆடியில் எட்டு நாள் நல்ல வெயில் அடித்தது. சுவர் காய்ந்தது, முகங்களின் ஓரம் சுருண்டு உதிரத் தொடங்கியது, பிள்ளைகளின் இருமலும் தணிந்தது. முப்பிடாதி பள்ளிக்கூடம் போனாள். இசக்கிராஜா முற்றத்தில் டயர் உருட்டினான். மன்றத்தில் அவசரக் கூட்டம் கூடிவிட்டது. வயலுக்கு மருந்தடிக்கிற தெளிப்பானில் நல்ல தண்ணீரை நிரப்பிக் காலையிலும் மாலையிலும் சுவருக்கு அடிக்க இரண்டு ஆட்களை நியமித்தார்கள். காற்றுப் பட்டால் முகம் காய்கிறதென்று ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள். முகங்கள் மறுபடி தளதளவென்று ஆயின. இசக்கிராஜாவின் டயர் முற்றத்திலேயே கிடந்தது.

அன்றைக்கு உலகம்மாள் பொறுக்க முடியாமல் தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடருமாகச் சுவரைத் தேய்த்தாள். அண்ணாச்சியின் மீசையில் பாதியும், ஜவுளிக்கடைக்காரர் காதும் போயின. ஊர் வாசலில் கூடிவிட்டது.

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கா!" என்றார் ஜெயசீலி டீச்சர். "எத்தன பேரு எவ்வளவு செஞ்சிருக்கோம். நன்றி வேண்டாமா?"

"டீச்சர், எனக்கு ஒரு சாமானும் வேண்டாம். எல்லாத்தையும் கொண்டுபோங்க" என்றாள் உலகம்மாள். கையெல்லாம் பிளீச்சிங் பவுடர் பட்டு வெந்திருந்தது. "அந்தக் கல்ல மட்டும் எடுங்க. என் பிள்ளைக்கு மூச்சு வேணும்."

"பிள்ளைக்கு மூச்சு கடவுள் குடுப்பாரு" என்றார் அண்ணாச்சி. "நாங்க எங்களால ஆனதச் செய்யுதோம்." இரண்டு நாளில் மீசை மறுபடி வளர்ந்தது, முன்னைவிட அடர்த்தியாக.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு உபயதாரர் விழா வைத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, சுவரில் நாற்பத்தேழு முகம், அறைக்குள் நாற்பத்தேழு ஆள், ஒவ்வொருவரும் அவரவர் முகத்துக்குப் பக்கத்தில். போட்டோவில் வெளி வெளிச்சம் அடிக்கக் கூடாதென்று கதவைச் சாத்தினார்கள். ஒலிபெருக்கி கட்ட ஆணி அடிக்கவும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், அதனால் பையும் சுத்தியலுமாக நானும் என் முகத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணாச்சி பேசத் தொடங்கினார். பிள்ளைகளைப் பற்றி உருக்கமாகவே பேசினார். பிள்ளைகள் நடுவில் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள், மாலையோடு.

இசக்கிராஜாவுக்கு முதலில் இருமல் வந்தது. ஒலிபெருக்கியில் கேட்கிறதென்று யாரோ உஷ் என்றார்கள். பிறகு இருமல் வரவில்லை. பையனின் தோள் மேலும் கீழும் ஏறி இறங்கியது, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போனது, உதடு நாவல்பழம் தின்றதுபோல் ஆனது. உலகம்மாள் அவனை மாலையோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நகர்ந்தாள். யாரும் வழிவிடவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல, வழிவிட்டால் தங்கள் முகத்துக்குப் பக்கத்திலிருந்து நகர வேண்டியிருக்கும். போட்டோ இன்னும் எடுக்கவில்லை.

அவள் முழங்கையால் இடித்துத்தான் வெளியே வந்தாள். நான் கதவுப் பக்கம் நின்றதால் பின்னாலேயே போனேன். உள்ளே இடமில்லாமல் வாசலில் நின்ற குத்தாலிங்கம், ஒலிபெருக்கியில் இருமலைக் கேட்டதுமே ஆட்டோ பிடித்து வந்திருந்தான், பையனை அவன் கையில் கொடுத்து, "நீங்க போங்க, நான் பின்னால வாரேன்" என்றாள். ஆட்டோ பெரியாஸ்பத்திரிக்குப் போனது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆவுடையண்ணே, அந்தக் கல்ல ஒடைங்க."

உள்ளே கைதட்டல் கேட்டது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

அவள் முழுதாகக் கேட்கவில்லை. என் பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். கல்லின் நடுவே, எல்லாப் பெயருக்கும் மேலே பெரிதாக இருந்த பெயரின் மேல் முதல் அடி விழுந்தது. ஏழு அடி அடித்தாள். கல் நாலு துண்டாக விழுந்தது, உள்ளேயிருந்த எல்போவிலும் ஒரு அடி பட்டு, தெருவுக்குத் தண்ணீர் பீய்ச்சியது. சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டு, சத்தம் கேட்டு வெளியே வந்து நின்ற முப்பிடாதியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

பையன் பிழைத்துவிட்டான். மூன்று நாள் ஆக்சிஜனில் இருந்தான், நாலாம் நாள் இட்லி கேட்டான். அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில், உலகம்மாளின் தம்பி ஊருக்கே போய்விட்டார்கள். போர்வை, ஃபேன், ரஸ்க் டின் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன.

ஊருக்குக் குடிதண்ணீர் இல்லாமல் போனதால் நான் எல்போவை மாற்றினேன். பத்து நிமிஷம் ஆனது. இரண்டு வாரத்தில் சுவர் காய்ந்து, முகங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அண்ணாச்சி தினமும் வந்து நின்று பார்த்தார். ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து, "ஆவுடை, அந்த எல்போவக் கொஞ்சம் தளத்தி வையேன், முன்ன எப்படிக் கசிஞ்சுதோ அப்படி" என்றார். தளர்த்தி வைத்தேன். ஓதம் காத்தது, பூசணமும் வந்தது, கறுப்பாகவும் பச்சையாகவும் தாராளமாக வந்தது. முகம் வரவில்லை. ஆளில்லாத வீட்டில் அது வெறும் பூசணம். யாராவது பக்கத்துத் தெருக்காரர்கள் பிள்ளைகளோடு குடிவாருங்கள், வாடகை வேண்டாம் என்று மன்றத்தார் தண்டோரா போடாத குறையாகச் சொல்லிப் பார்த்தார்கள். இந்த ஊரில் அவனவன் பிள்ளை என்று வரும்போது எல்லோருக்கும் பூசணத்தைப் பற்றி நன்றாகவே தெரிந்திருந்தது.

கடைசியில் ஒரு வேன் பிடித்தோம். பழத்தட்டு, புதுத்துணி, மாலை எல்லாம் எடுத்துக்கொண்டு இருபது பேர், என்னையும் சேர்த்து, விளாத்திகுளத்துக்குப் போனோம். அங்கே மழை என்பதே சேதியாக வருவதுதான். வெயில் தலையைப் பிளந்தது. உலகம்மாள் வேப்பமரத்தடியில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்களை வாங்க என்றாள், செம்பில் தண்ணீர் கொடுத்தாள், பேசுவதைக் கேட்டாள்.

"பழச மனசுல வச்சுக்காத தாயி" என்றார் அண்ணாச்சி. "அந்த வீடு ஒனக்குத்தான். வாடகை கெடையாது. ஊரே ஒனக்கு உதவக் காத்துக்கிட்டு நிக்கி. பிள்ளையள் எப்படி இருக்கு?"

"நல்லாருக்குய்யா" என்றாள்.

அவள் கைகாட்டிய பக்கம் பார்த்தோம். முப்பிடாதி முன்னால் ஓட, இசக்கிராஜா ஒரு ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு கரிசல் புழுதியில் ஓடினான். கூச்சல் போட்டுக்கொண்டே ஓடினான். களத்தின் கோடிவரை போய்த் திரும்பி வந்து, மூச்சு வாங்காமல் எங்களை யாரென்று கேட்டான்.

வேனில் வந்த இருபது முகமும் ஒரேயடியாக வாடியது. துக்க வீட்டில்கூட அவ்வளவு ஒற்றுமையாக முகம் வாடி நான் பார்த்ததில்லை. என் முகமும் வாடியது, அதை நான் உள்ளுக்குள்ளேயே உணர்ந்தேன்.

ஜெயசீலி டீச்சர் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, வாஞ்சையாகக் கேட்டார். "விடியக்காலத்துல லேசா ஒரு இருமல் கிருமல்கூடவா வரல?"

உலகம்மாள் டீச்சர் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக, நிதானமாக. பிறகு வற்றலை வெயிலில் அப்படியே விட்டுவிட்டு, "பிள்ளைகளா, உள்ள வாங்க" என்று இரண்டு பேரையும் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.